பாதாமா, சாளையா? பேலியோவுக்கு முன் போட்ட ஒரு வீட்டுக் கணக்கு

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு கிலோ பாதாம் பொட்டலம் எங்கள் வீட்டுக்கு வந்தது. எங்கள் வீட்டுக்காரர் வேலை செய்யும் ஒர்க் ஷாப்பில் ஒருவர் ஐந்தே மாதத்தில் பதினான்கு கிலோ குறைத்திருந்தார். ரகசியம் கேட்டால் "பேலியோ டயட், காலையில் நூறு பாதாம்" என்றாராம். எங்கள் வீட்டுக்காரருக்கு எடை 92 கிலோ, மூன்று மாத சராசரி சர்க்கரை அளவு (HbA1c) 6.1. பயந்து வாங்கிவிட்டார். விலை 900 ரூபாய்.

நூறு பாதாமை எண்ணித் தராசில் வைத்தேன், 120 கிராம் காட்டியது. அந்தக் கணக்கில் ஒரு கிலோ எட்டு நாளைக்கு வரவேண்டும். பிள்ளைகள் போகிற வருகிற வழியில் கையை விட்டதில் ஆறாம் நாளே தீர்ந்தது. அன்று ராத்திரிதான் நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். கணக்கு எழுதுவதுதான் எனக்கு வேலை.

எங்கள் வீடு குமரி மாவட்டத்தில், களியக்காவிளைக்கும் குழித்துறைக்கும் நடுவில். நான் மார்த்தாண்டத்தில் ஒரு அலுவலகத்தில் இருக்கிறேன். அவர் தினமும் கேரள எல்லைச் சோதனைச்சாவடி தாண்டி நெய்யாற்றின்கரைக்குப் போகிறார். மாமிக்கு, அதாவது அவருடைய அம்மாவுக்கு, 68 வயது, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். மகள் எட்டாம் வகுப்பு, மகன் அரசுப் பள்ளியில் நான்காம் வகுப்பு. சமையலுக்கு எனக்குக் கிடைக்கும் நேரம் காலை ஐந்தேகால் முதல் ஏழரை வரை, மாலை ஆறே முக்கால் முதல் எட்டரை வரை. கேஸ் தவிர்த்து, பால், மீன், மளிகை எல்லாம் சேர்த்து மாதம் சுமார் 11,500 ரூபாய். இதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டியிருந்தது. நாலு வழி தெரிந்தது: வீடு முழுக்கத் தமிழ்நாட்டுப் பேலியோ, தானியமும் பாலும் விட்டுக் கிழங்கும் மீனுமாக இருப்பது, அவர் மட்டும் பேலியோ, எல்லோரும் பாதிவழி.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பேலியோ என்ற பெயரில் இரண்டு சாப்பாடு புழங்குகிறது. வால்டர் வோக்ட்லின் என்ற அமெரிக்க வயிற்று மருத்துவர் 1975-இல் எழுதியது, பிறகு 1985-இல் பாய்ட் ஈட்டனும் மெல்வின் கானரும் ஒரு மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை, அதன்பின் லாரன் கார்டெய்ன் பரப்பியது எல்லாம் கற்கால மனிதன் தின்றதைத் தின்பது என்ற எண்ணத்தில் பிறந்தவை. இதில் கார்டெய்ன் வழியில் அரிசி, கோதுமை, பருப்பு, பால், சர்க்கரை எதுவும் கிடையாது. கறி, மீன், முட்டை, காய், பழம், கொட்டைகள் உண்டு. நம் ஊரில் சமூக ஊடகம் வழியாகப் பரவியது வேறு. அதில் வெண்ணெய் டீ உண்டு, பனீர் உண்டு, சீஸ் உண்டு. பழமும் கிழங்கும் கிடையாது. சொல்லப்போனால் அது மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் உணவு. கற்கால மனிதன் எருமையைக் கறந்து பனீர் போட்டிருக்க மாட்டான், ஆனால் அது நமக்கு முக்கியமில்லை. எது எந்த வேலைக்கு என்று தெரிந்தால் போதும்.

சரி, பணத்துக்கு வருவோம். நாளொன்றுக்கு ஒரு ஆளுக்கு எவ்வளவு புரதம் வேண்டும் என்பதற்கு நம் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் சொன்ன அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம். அறுபது கிலோ ஆளுக்கு 50 கிராம். அந்தப் புரதத்தைப் பத்துப் பத்து கிராமாகப் பிரித்து, எது என்ன விலைக்குத் தருகிறது என்று போட்டுப் பார்த்தேன். கிலோ 900 ரூபாய் பாதாமில் பத்து கிராம் புரதம் 43 ரூபாய். கிலோ 440 பனீரில் 24. தோலுரித்த பிராய்லர் கோழி 220 ரூபாய்க்கு வாங்கி, எலும்பைக் கழித்தால் 17. சுமாரான நாளில் கிலோ 160-க்குக் கிடைக்கும் சாளை (மத்தி மீன்), தலையும் குடலும் போக, 13. ஆறரை ரூபாய் முட்டையில் 11. கடைத் துவரம் பருப்பில் 6. ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குத் தரும் துவரம் பருப்பில் ஒன்றரை ரூபாய்கூட இல்லை.

இந்தப் பட்டியலை மேலிருந்து கீழே வாசித்தால் பேலியோவின் வரிசை வருகிறது. மலிவானதை எடுத்துப் போட்டுவிட்டு விலை கூடியதில் தொடங்கச் சொல்கிறது. இன்னொன்று, அரிசியை விட்டால் அந்தப் பணம் மிச்சம்தானே என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் கார்டுக்கு அரிசி இலவசம். சும்மா கிடைப்பதை விட்டால் என்ன மிச்சம்? மதியத்துக்கு வாங்கும் சம்பா அரிசி கிலோ 55 ரூபாய், மாதம் பத்து கிலோ. அவ்வளவுதான் மிச்சமாகும்.

முதல் வழி காகிதத்திலேயே விழுந்துவிட்டது. பெரியவர்கள் மூன்று பேருக்கு நூறு நூறு பாதாம், மாதம் 9,700 ரூபாய். ஐந்து பேருக்குச் சராசரியாக மூன்று முட்டை, 2,900. தினம் ஒன்றரைக் கிலோ கறியோ மீனோ, 8,500. காய், வெண்ணெய், பனீர், தேங்காய், எண்ணெய் எல்லாம் சேர்த்துக் கூட்டினால் 28,000-க்கு மேல். எங்கள் சமையல் செலவு இரண்டு மடங்குக்கும் மேல் போகும். அதோடு, சின்னவனுக்குப் பள்ளியில் காலை உணவுத் திட்டத்தில் ரவா உப்புமாவும் பொங்கலும் தருகிறார்கள், மதியம் சோற்றோடு முட்டையும் உண்டு. அதை மறுத்துவிட்டு நான் டப்பாவில் பனீர் வறுத்து அனுப்ப வேண்டுமா? வளரும் பிள்ளைக்கு மாவுச்சத்தை இப்படி வெட்ட ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. பள்ளி போடும் முட்டையைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு நகர்ந்தேன்.

இரண்டாவது வழியில்தான் எனக்கு ஆசை. பேலியோக்காரர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஊர்களில் ஒன்று பாப்புவா நியூகினியில் உள்ள கிடாவா தீவு. ஸ்டாஃபான் லிண்டபர்க் என்ற சுவீடன் மருத்துவர் 1990-ஐ ஒட்டி அங்கே போய்ப் பார்த்தார். ஆண்களில் பெரும்பாலோர் புகை பிடிப்பவர்கள், ஆனாலும் மாரடைப்பு, பக்கவாதம் கிட்டத்தட்ட இல்லை. என்ன தின்றார்கள் தெரியுமா? காச்சில், சேம்பு, சீனிக்கிழங்கு, பழம், மீன், தேங்காய். அவர்கள் உணவின் ஆற்றலில் ஏறக்குறைய எழுபது சதவீதம் மாவுச்சத்து! இந்தப் பட்டியலை வாசித்தபோது எனக்கு எங்கள் விளவங்கோட்டுக் கொல்லைப்புறம்தான் கண்ணில் வந்தது. ஆனால் அந்தத் தீவுக்காரர்கள் நாள் முழுக்க உடம்பால் உழைப்பவர்கள், நானோ எட்டு மணி நேரம் நாற்காலியில்.

எங்கள் பக்கம் கிழங்கு என்றால் மரச்சீனி, அதாவது மரவள்ளி. அது அன்றாடத் தட்டுக்கு வந்ததும் பழைய கதை இல்லை. தென்னமெரிக்காவிலிருந்து வந்த கிழங்கு, 1880-களில் திருவிதாங்கூர் விசாகம் திருநாள் மகாராஜா ஊக்கப்படுத்திப் பரவியது. இரண்டாம் உலகப் போரில் 1942-இல் பர்மா அரிசி நின்றபோது பல வீடுகளில் அதுதான் சோறு. கற்காலம் என்ற வாதத்தை இங்கே யாரும் எடுக்காமல் இருப்பது நல்லது.

இரண்டு வாரம் செய்து பார்த்தோம். நாளுக்கு மூன்று கிலோ மரச்சீனி, ஒரு கிலோ மீன், பத்து முட்டை, மூன்று தேங்காய், காய், ஏத்தன்பழம். ஒரு நாளைக்கு 520 ரூபாய், மாதக் கணக்கில் 15,600. தாங்கக்கூடியதுதான், ஆனால் இடித்தது நேரம். மூன்று கிலோ மரச்சீனியின் தோலைக் கீறி எடுத்து, நடுவிலுள்ள நரம்பை உருவி, துண்டு போட்டு, பானையைத் திறந்து வைத்தே வேக வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி தண்ணீர் வைக்க வேண்டும். தண்ணீரைக் கொட்டுவதில் சோம்பல் கூடாது, கிழங்கில் சயனைடு தரும் பொருள் இருக்கிறது, அது வெந்நீரில் இறங்கும். கசக்கிற இனமாக இருந்தால் இன்னும் கவனம். ஒரு மணி நேரம் இதற்கே போய்விடும். அரிசி குக்கரில் பதினைந்து நிமிடம். அதுவும் நாலாம் நாள் மகள் தட்டைத் தள்ளிவிட்டாள். "அம்மா, வயிறு பலூன் மாதிரி இருக்கு."

சர்க்கரை உள்ள மாமிக்கு மரச்சீனி ஒன்றும் சோற்றைவிட நல்லது இல்லை. நூறு கிராமில் 38 கிராம் மாவுச்சத்து, புரதம் ஒன்றரை கிராமுக்கும் குறைவு. அதனால் இரண்டாவது வழியில் ஞாயிறு மட்டும் எங்களுக்கு மிஞ்சியது. தேங்காய் அரைத்துச் சேர்த்து மசித்த மரச்சீனியும் சாளை புளிமுளமும் இருந்தால் ஞாயிறு மதியம் எங்கள் வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்காது.

மூன்றாவது வழி, அவர் மட்டும். இதைத்தான் பெரும்பாலான வீடுகளில் செய்கிறார்கள், செலவு யார் கண்ணிலும் படுவதில்லை. பாதாம் 3,240, கூடுதல் முட்டை 780, கறி மீன் 1,700, காய் 900. அப்படிப் பார்த்தால் ஒரே ஆளுக்கு மாதம் 6,600 ரூபாய் கூடுதல். அதில் பாதி பாதாம். பாதாமுக்குப் பதில் மூன்று முட்டை ஆம்லெட்டும் கால் மூடித் தேங்காய்ப் பத்தையும் வைத்தேன். ஒரு நாளுக்கு 28 ரூபாய்க்குள், மாதம் 830 மாதிரி. பசி தாங்குவதில் வித்தியாசம் தெரியவில்லை என்று அவரே சொன்னார். பாதாமில் நார்ச்சத்து கூட, அது உண்மைதான். அதற்குக் கீரையும் முருங்கைக்காயும் இருக்கின்றன. தேங்காய் எங்கள் வீட்டில் இரண்டு மரத்தில் காய்க்கிறது. 2025-இல் தேங்காய் எண்ணெய் கிலோ நானூறைத் தாண்டிய பிறகு அதை இலவசம் என்று சொல்ல வாய் வரவில்லை. மரமேறுகிறவர் கூலியும் ஏறிவிட்டது.

இந்த வழியில்தான் எங்களுக்கு ஒரு அடி விழுந்தது. தன் மகன் தின்பதைப் பார்த்து மாமியும் எங்களிடம் சொல்லாமல் ராத்திரிச் சோற்றை விட்டுவிட்டார். முட்டையும் மீனும் மட்டும். மாத்திரை பழைய அளவிலேயே. மூன்றாம் நாள் விடியற்காலை நாலரைக்குக் குளியலறை வாசலில் உட்கார்ந்திருந்தார், நெற்றியெல்லாம் வேர்வை, கை நடுக்கம், பேச்சு குழறல். சர்க்கரை பார்க்கும் கருவியில் 54. சீனி கலந்த தண்ணீர் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்து, 90 வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அவர் சாப்பிட்டது கிளிமிப்பிரைடு வகை மாத்திரை. அது சோறு தின்றாலும் தின்னாவிட்டாலும் இன்சுலினைப் பிழிந்துகொண்டே இருக்கும். மருத்துவர் அளவைப் பாதியாக்கினார், திட்டவும் செய்தார். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மாவுச்சத்தைக் குறைப்பதென்றால் முதல் நாளுக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சர்க்கரையைச் சிறுநீர் வழியாகத் தள்ளும் புதிய மாத்திரைகளில் வேறொரு ஆபத்தும் உண்டு: சர்க்கரை அளவு சாதாரணமாகக் காட்டும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறலாம். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் இந்தப் பக்கமே தானாக வரக் கூடாது.

"எனக்கு சோறில்லேங்கி உறக்கமே வராது மக்களே, அவன் மெலியான்னு பாத்து ஆசப்பட்டுட்டேன்" என்றார் மாமி. அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. வீட்டில் ஒருவருக்குத் தனித் தட்டு வைத்தால் மற்றவர்கள் அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டேதான் இருப்பார்கள்.

அதனால்தான் நாலாவது வழி. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில், தானியத்திலிருந்து வரும் ஆற்றல் மொத்தத்தில் 45 சதவீதத்தைத் தாண்டாமல் இருக்கட்டும் என்கிறது. எங்கள் பழைய சாப்பாட்டில் காலை இட்லி, மதியம் சோறு, ராத்திரி சோறு அல்லது தோசை. பாதிக்கு மேல் எங்கேயோ போயிருக்கும். இப்போது மதியம் மட்டும் சோறு, டப்பாவுக்கும் அதுதான் வசதி. காலையில் பெரியவர்களுக்கு முட்டையும் ஏதாவது தோரனும். ஞாயிறு ஆட்டிய மாவில் பிள்ளைகளுக்கு மட்டும் இட்லி. ராத்திரி மீன், காய், மோர். மாமிக்கு ஒரு சின்னக் கரண்டிச் சோறு, மருத்துவர் சொன்ன அளவு. சர்க்கரை, மைதா, பேக்கரி வீட்டுக்குள் இல்லை. வீட்டுக்காரருக்கு மதியச் சோறும் கிடையாது, அவ்வளவுதான் அவருடைய பேலியோ.

பருப்பை நான் விடவில்லை. பேலியோவில் பருப்பை ஒதுக்கச் சொல்லும் காரணம், அதில் இயல்பாகவே இருக்கும் லெக்டின், ஃபைட்டேட் என்ற பொருள்கள் சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும் என்பது. ஊற வைத்துக் குக்கரில் வேக வைத்த பிறகு லெக்டின் பெரும்பாலும் செத்துப்போகும். ஒன்றரை ரூபாய் புரதத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு 43 ரூபாய் புரதம் வாங்குவதற்கு அது போதுமான காரணமாக எனக்குப் படவில்லை. அவருக்கு மட்டும் பருப்பு அளவோடு, மற்றவர்களுக்குத் தாராளமாக.

செலவு இப்போது மாதம் 13,000-ஐச் சுற்றி. கூடிய 1,500-இல் பெரும்பகுதி முட்டை. அதில் ஒரு பங்கு திரும்பியும் வருகிறது. முன்பு அவர் வாரம் மூன்று ராத்திரி சோதனைச்சாவடிப் பக்கத்தில் பொரோட்டாவும் பீஃபும் முடித்துவிட்டுத்தான் வருவார், அந்தப் பணம் என் நோட்டில் ஏறவே இல்லை. எட்டு மாதத்தில் அவர் 92-இலிருந்து 83. ஒர்க் ஷாப் நண்பர் அளவுக்கு வேகமில்லை. மூன்று மாத சர்க்கரை 5.6.

நேரக் கணக்கில் சாளைக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கிலோவுக்கு இருபது இருபத்தைந்து மீன் வரும். தலை கிள்ளி, குடல் எடுத்து, செதில் சுரண்டி, உப்புப் போட்டுக் கல்லில் உரசிக் கழுவ எனக்கு நாற்பது நிமிடம். சந்தையிலேயே கூடுதலாக இருபது ரூபாய் கொடுத்தால் அக்கா ஒருவர் பத்து நிமிடத்தில் அரிந்து தருகிறார். என் மணிக்கணக்கில் இதைவிட லாபமான இருபது ரூபாய் இல்லை. குடலை மட்டும் எடுத்துவிட்டு முள்ளோடு குடம்புளி போட்டு நன்றாக வற்ற வைத்தால் சின்னச் சாளையின் முள் மெத்தென்று ஆகிவிடும், மென்று விழுங்கலாம். பாலைக் குறைத்த வீட்டில் சுண்ணாம்புச் சத்துக்கு அதுவும் நெத்திலியும்தான் வழி. அயிலை, சூரைக்கு இந்த வசதி இல்லை.

ஆனால் முழுக்கச் சாளையை நம்பியும் இருக்க முடியாது. கேரளக் கடலில் 2012-இல் கிட்டத்தட்ட நாலு லட்சம் டன் கிடைத்த நெய்ச்சாளை, 2021-இல் சுமார் 3,300 டன்னுக்கு இறங்கியது. நம் மேற்குக் கடற்கரையில் ஜூன் முதல் ஜூலை முடிய விசைப்படகுத் தடை. அந்த இரண்டு மாதம் வள்ளக்காரர்கள் கொண்டு வருவதுதான் மீன், விலை எகிறும். முந்நூறு கேட்ட நாளும் உண்டு. மழைக்காலம் முடிந்து ஆவணி, புரட்டாசியில் குவியும்போது எண்பதுக்கும் கிடைக்கும். பாதாம் விலை இப்படி ஆடாது. ஒரே விலைக்கு வாங்கி டப்பாவில் போட்டுவைக்கும் நிம்மதிக்குத்தான் பலர் அந்தப் பணத்தைக் கொடுக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அது தப்பில்லை, கையில் இருந்தால்.

சைவம் மட்டும் சாப்பிடும் வீடாக இருந்தால் என் கணக்கு பாதி செல்லாது. முட்டையும் மீனும் இல்லாத பேலியோவில் பனீர், பாதாம், வெண்ணெய் மட்டும் மிஞ்சும். அப்படிப்பட்ட வீட்டில் நான் அதைத் தொடவே மாட்டேன், பருப்பைக் கூட்டி அரிசியைக் குறைப்பதோடு நிற்பேன். கடலுக்குத் தள்ளி, செங்கோட்டை, கம்பம் பக்கம் இருப்பவர்கள் சாளை இருக்கும் இடத்தில் முட்டையைப் போட்டு மறுபடி கூட்டிப் பார்க்கலாம். பத்து கிராம் புரதத்துக்கு இரண்டு ரூபாய்தான் வித்தியாசம், அதுவும் அவர்கள் பக்கம் லாபமாக.

இன்று சந்தையில் சாளை 240 சொன்னார்கள், கண்ணும் சிவந்திருந்தது. திரும்பி வந்துவிட்டேன். ஒரு தட்டு முட்டை 195 ரூபாய். மகள் கொல்லையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறாள். மாமி கேட்கிறார், இன்றைக்காவது தன் கரண்டியைக் கொஞ்சம் பெரிதாக எடுக்கலாமா என்று.